கண்ணின் மேற்பரப்பில் கட்டி மீண்டும் வந்தால்: பயாப்ஸி ரிப்போர்ட் முதல் கடைசிச் சொட்டு வரை

கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் சதை வளர்ந்தது போல ஒன்று வருகிறது. வெட்டி எடுக்கிறார்கள். சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ அதே இடத்திலோ பக்கத்திலோ மறுபடி தலைகாட்டுகிறது. இப்படி வருவதில் பெரும்பகுதி ஓ.எஸ்.எஸ்.என். என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் நோய். கண்ணின் மேல்தோல் செல்கள் லேசாக மாறிப்போவது, மேல்தோலுக்குள்ளேயே அடங்கி நிற்கும் ஆரம்பநிலைப் புற்று, அதன் அடித்தளத்தை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கும் புற்று ஆகிய மூன்றும் அந்த ஒரே பெயருக்குள் வரும். உடம்பில் வேறு இடங்களுக்குப் பரவுவது அரிது. திரும்ப வருவது அரிதல்ல.

எந்த மருந்து, எந்த அறுவை என்று முடிவு செய்வது கண் டாக்டரின் வேலை. ஆனால் இந்த நோயில் நடக்கும் தவறுகளில் பல அறுவை அரங்குக்கு வெளியே, வரிசை மாறுவதால் நடக்கின்றன. பழைய ரிப்போர்ட்டைப் பார்க்காமல் இரண்டாம் முறை வெட்டுவது, புண் ஆறுமுன் கடுமையான சொட்டைத் தொடங்குவது, கட்டி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துவது போன்றவை அவை. நோயாளியும் கூட இருப்பவரும் வரிசையைத் தெரிந்து வைத்திருந்தால் இவற்றில் பலவற்றைத் தடுக்கலாம்.

1. கண்ணைக் காட்டும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் அறுவை நடந்த மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட் மூன்றையும் வாங்குங்கள். அதோடு லேபில் வைத்திருக்கும் ஸ்லைடும் பாரஃபின் பிளாக்கும் வேண்டும். வெட்டிய திசுவை மெழுகில் பதித்து வைப்பதுதான் பிளாக். எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். ரிப்போர்ட் காகிதம் ஒருவருடைய கருத்து. பிளாக் இருந்தால் இன்னொரு பேத்தாலஜிஸ்ட் புதிதாக வெட்டிப் பார்த்துத் தன் கருத்தைச் சொல்ல முடியும்.

அடுத்தது பழைய போட்டோக்கள். மருத்துவமனையில் எடுத்த படம் இல்லையென்றால் கல்யாண ஆல்பம், ஆதார் எடுத்த நாளின் செல்ஃபி என எதுவானாலும் சரி. கட்டி முதலில் எந்தப் பக்கம் இருந்தது, எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை நினைவிலிருந்து சொல்வதைவிடப் படம் நன்றாகச் சொல்லும்.

சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கப் போடும் மாத்திரை இவற்றை விடாமல் எழுதுங்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்தக் கட்டி இளம் வயதிலேயே வரும், வேகமாக வளரும், அதிகம் திரும்பும். ஐம்பது வயதுக்குள் இருப்பவருக்கு இது வந்தால் அந்தப் பரிசோதனையைக் கேட்காத டாக்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும். சிறு வயதிலிருந்தே வெயில் பட்டால் தோலில் கரும்புள்ளிகள் நிறைய வருபவருக்கு, வெயிலின் சேதத்தைச் சரிசெய்ய முடியாத பரம்பரைத் தோல்நோய் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

2. ரிப்போர்ட்டில் தேட வேண்டிய மூன்று செய்திகள்

ஒன்று, என்ன நோய். மேல்தோலுக்குள் அடங்கியதா, அடித்தளத்தை உடைத்து இறங்கியதா.

இரண்டு, ஓரம். வெட்டி எடுத்த துண்டின் விளிம்பு வரை கெட்ட செல்கள் இருந்தால் ஓரம் பாசிட்டிவ். விளிம்பில் நல்ல திசு மட்டுமே இருந்தால் நெகட்டிவ். அறுவை மட்டுமே செய்த பழைய ஆய்வுகளில், ஓரம் பாசிட்டிவாக இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டி திரும்பியது. அவர்களுக்குக் கண்ணில் எதுவும் தெரியாத நாளிலேயே சொட்டு மருந்து பற்றிப் பேசியிருக்க வேண்டும். முதல் அறுவைக்குப் பின் அந்தப் பேச்சு நடந்ததா என்று கேளுங்கள்.

மூன்று, அடிப்பாகம். பக்க ஓரங்கள் சுத்தமாக இருந்தும் அடி ஓரம் பாசிட்டிவ் என்றால் வெள்ளைவிழிக்குள் கட்டி வேர்விட்டிருக்கலாம். சொட்டு மருந்து அந்த ஆழத்துக்குப் போகாது.

அடிக்கடி காணும் கோளாறு ஒன்று உண்டு. முதல் முறை சாதாரணச் சதை வளர்ச்சி என்று எடுத்துவிட்டு, திசுவை லேபுக்கே அனுப்பாமல் விட்டிருப்பார்கள். அப்படியானால் பழைய ரிப்போர்ட்டே கிடையாது. திரும்பி வந்ததை முதல் கட்டியாகவே வைத்து, முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். கண்ணிலிருந்து எடுக்கும் எந்தச் சதையையும், எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தாலும், பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

3. இது அதே கட்டிதானா

அறுவை செய்த இடத்தில் சிவப்பாகவோ புடைப்பாகவோ தெரிவதெல்லாம் கட்டி திரும்பியதன் அடையாளம் அல்ல. தையல் எரிச்சலால் வரும் சிறு சிவப்பு உருண்டை, தழும்பு, நிஜமாகவே வளரும் சாதாரணச் சதை என்று மூன்று நான்கு வேடங்கள் உண்டு. ஜெல்லி போன்ற பளபளப்பு, சுண்ணாம்பு தடவியது போன்ற வெள்ளைப் படிவு, பூக்கோசு மேற்பரப்பு, கட்டியை நோக்கி ஓடும் தடித்த ரத்தக் குழாய் ஆகியவை கட்டியின் பக்கம் சாயும் அடையாளங்கள். நம் ஊர்த் தோல்நிறக்காரர்களுக்கு இந்தக் கட்டியே பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கலாம். அப்போது மெலனோமா என்ற வேறு புற்றிலிருந்து இதைப் பிரித்தறிய வேண்டும். மெலனோமாவை ஓ.எஸ்.எஸ்.என்.-க்கான சொட்டுகளை நம்பி விட்டுவைத்தால் நாள்தான் வீணாகும்.

கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியான ஸ்லிட் லேம்ப்பில் ரோஸ் பெங்கால் அல்லது லிஸமின் கிரீன் சாயம் விட்டுப் பார்த்தால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத கெட்ட இடமும் நிறம் பிடிக்கும். கட்டியின் உண்மையான எல்லையை இப்படித்தான் கோடு போட முடியும்.

கண்ணின் முன்பக்க அடுக்குகளை ஒளியால் குறுக்குவெட்டாகக் காட்டும் முன்கண் ஓ.சி.டி. ஸ்கேன் இருக்கும் இடமாகப் பார்த்துப் போவது நல்லது. வலி இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. ஓ.எஸ்.எஸ்.என். இருந்தால் மேல்தோல் தடித்து, வெளுப்பாகப் பிரகாசித்து, நல்ல தோலிலிருந்து கெட்ட தோலுக்குச் சட்டென்று மாறும். தழும்பிலும் சாதாரணச் சதையிலும் மேல்தோல் மெல்லியதாகவே இருக்கும், தடிப்பு அதற்குக் கீழே இருக்கும். கட்டி மிகத் தடித்தோ மேலே வெள்ளைப் படிவு மூடியோ இருந்தால் ஸ்கேனின் ஒளி கீழே போகாது. அப்போது அடி எல்லை தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழைய பயாப்ஸி தெளிவாக ஓ.எஸ்.எஸ்.என். என்று சொல்லி, ஸ்கேனும் அதையே காட்டினால், மறுபடி பயாப்ஸி எடுக்காமலே சிகிச்சை தொடங்குவது உண்டு. பழைய ரிப்போர்ட் இல்லை, நிறம் கருப்பு, கட்டி உருண்டு திரண்டு நிற்கிறது, இமையும் சேர்ந்து தடித்திருக்கிறது இவற்றில் எது இருந்தாலும் திசு எடுத்துப் பார்க்காமல் நகரக்கூடாது. இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றும் கண்ணின் மேல்தோலுக்குள் பரவி, மாதக்கணக்கில் ஒரு கண் மட்டும் சிவந்திருப்பது போல நடிக்கும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு இந்தக் கட்டத்தில்தான் பெரிய கெடுதல் செய்கிறது. சிவப்பு குறையும், மனம் ஆறும், கட்டி பாட்டுக்கு வளரும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் விடுவதால் கட்டி கரையாது, கிருமிதான் சேரும்.

4. அகலமும் ஆழமும் அளக்கும் நாள்

கட்டி எத்தனை மி.மீ., கடிகார முள் கணக்கில் விளிம்பை எத்தனை மணி தூரம் சுற்றியிருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். விளிம்பில்தான் கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் மூலச்செல்கள் இருக்கின்றன. முதல் அறுவையில் இரண்டு மணி தூரம் போயிருக்கும், இரண்டாவதில் இன்னும் மூன்று போகும். மொத்தம் ஆறு மணி தூரத்தைத் தாண்டினால் கருவிழி தன்னைத்தானே மூடிக்கொள்ளும் சக்தியை இழக்கத் தொடங்கலாம். மறு அறுவையில் கை தயங்க வேண்டியதன் முக்கியக் காரணம் இதுதான்.

மரத்துப்போகும் சொட்டு விட்டு, பஞ்சுக் குச்சியால் கட்டியை மெல்லத் தள்ளிப் பார்ப்பார்கள். கீழே உள்ள வெள்ளைவிழியின் மேல் வழுக்கி நகர்ந்தால் நல்லது. ஆணியடித்தது போல நின்றால் ஆழம் போயிருக்கலாம். அப்போது அல்ட்ராசவுண்ட் பயோமைக்ரோஸ்கோபி என்ற ஸ்கேனும், கண்ணுக்குள் கோணத்தைப் பார்க்கும் லென்ஸ் பரிசோதனையும் வேண்டும். கண் அழுத்தம் கூடியிருப்பதும், உள்ளே காரணமில்லாத அழற்சி இருப்பதும் கட்டி உள்ளே நுழைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

மேல் இமையைப் புரட்டிப் பார்த்தார்களா, காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் கழுத்திலும் நெறிகட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்களா என்பதைக் கவனியுங்கள். ஒரு நிமிட வேலை. அவசரத்தில் விட்டுப்போவதும் இதுதான்.

5. கத்தியா, சொட்டா

ஒருமுறை வெட்டிய கண்ணில் கட்டி மெல்லியதாக, பரந்து, பல இடங்களில் சிதறித் திரும்பியிருந்தால் சொட்டுதான் முதல் தேர்வாக இருக்கும். கெட்ட செல்கள் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி ஓடியிருக்கும். கத்தி தெரிந்ததைத்தான் எடுக்கும், சொட்டு முழு மேற்பரப்பையும் நனைக்கும்.

சிறியதாக, ஒரே இடத்தில், உருண்டு நிற்பதையும், நோய் என்னவென்று சந்தேகம் உள்ளதையும் வெட்டி எடுப்பது நல்லது. சிகிச்சையும் பயாப்ஸியும் ஒரே நாளில் முடியும். பெரிதாக இருந்தால் சொட்டு போட்டுச் சுருக்கி, மிச்சத்தை வெட்டலாம். எந்த வழியானாலும் நோயாளியின் சூழலும் கணக்கில் வரும். நான்கு வேளை சொட்டு விட ஆள் இல்லாத, மாதாமாதம் நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் வர முடியாத ஒருவருக்குச் சொட்டு எழுதிக் கொடுப்பது காகிதத்தில் மட்டும் சிகிச்சை. இதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

6. மூன்று சொட்டுகள், மூன்று குணம்

5-ஃப்ளூரோயூராசில், 1 சதவீதம். வழக்கமான முறை: நாளுக்கு நான்கு வேளை, ஒரு வாரம். பிறகு மூன்று வாரம் ஓய்வு. இது ஒரு சுற்று. பொதுவாக நான்கு சுற்று, தேவைப்பட்டால் கூடுதல். நான்கு சுற்றுக்குப் பதினாறு வாரம் ஆகும். ஓய்வு வாரங்கள் எதற்கென்றால், மருந்து கெட்ட செல்லோடு நல்ல செல்லையும் தொடுகிறது. நல்ல செல் அந்த மூன்று வாரத்தில் தேறிக்கொள்ளும். “ஓய்வு வாரத்திலும் போட்டால் சீக்கிரம் குணமாகுமே” என்று கூடுதலாகப் போடுபவர்கள் கருவிழியைப் புண்ணாக்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். விலை குறைவு என்பது இதன் பெரிய வசதி.

இந்தச் சொட்டு பெரும்பாலும் கடையில் தயாராகக் கிடைக்காது. மருத்துவமனை ஃபார்மஸியில் ஊசி மருந்திலிருந்து தயாரிப்பார்கள். ஒரு மி.லி.க்கு 50 மி.கி. உள்ள ஊசி மருந்து 1 மி.லி., அதோடு 4 மி.லி. செயற்கைக் கண்ணீர் சேர்ந்தால் 1 சதவீதம். வீட்டில் கலக்கவே கூடாது. கணக்கைத் தெரிந்துகொள்வது லேபிளைச் சரிபார்க்க மட்டுமே.

மைட்டோமைசின்-சி, 0.04 சதவீதம். நாளுக்கு நான்கு வேளை ஒரு வாரம், பிறகு ஒன்று முதல் மூன்று வாரம் ஓய்வு, இப்படி மூன்று நான்கு சுற்று. வேகமாக வேலை செய்யும், மூன்றிலும் முரட்டு மருந்தும் இதுதான். விளிம்பு மூலச்செல்களை அழிக்கும், கண்ணீர் ஓடும் துளையை அடைக்கும், ஆறாத புண்ணின் மேல் பட்டால் வெள்ளைவிழியையே கரைக்கும். அதனால் மேல்தோல் முழுதாக மூடிய கண்ணில் மட்டும்தான் இதைப் போடலாம். தொடங்கும் முன் கண்ணீர்த் துளைக்குச் சிறு அடைப்பான் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதில் தசமப் புள்ளி ஆளைக் கவிழ்க்கும். 0.04 சதவீதம் என்றால் மி.லி.க்கு 0.4 மி.கி. அந்த 0.4-ஐ யாராவது சதவீதமாகப் படித்தால் பத்து மடங்கு மருந்து கண்ணில் விழும். பாட்டில் கைக்கு வந்ததும் லேபிளையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அலகு மாறியிருந்தால் ஒரு சொட்டும் விடாமல் ஃபார்மஸியில் கேளுங்கள்.

இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2பி, மி.லி.க்கு 10 லட்சம் யூனிட். நாளுக்கு நான்கு வேளை, இடைவெளி இல்லாமல். கண்ணுக்கு மிக மென்மையானது. மெதுவாக, மாதக்கணக்கில் வேலை செய்யும். கட்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் ஓரிரு மாதம் தொடர வேண்டும். ஊசியாகக் கட்டியின் அடியில் வாரம் ஒருமுறை 30 லட்சம் யூனிட் போடும் முறையும் உண்டு. அன்று இரவு ஃப்ளூ போல காய்ச்சலும் உடல்வலியும் வரும், டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். விலையும் கிடைப்பதும்தான் சிக்கல். உலகெங்கும் அதிகம் புழங்கிய தயாரிப்பு ஒன்றின் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. சிகிச்சை முழுவதற்கும் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்று உறுதி செய்யாமல் தொடங்க வேண்டாம்.

இன்டர்ஃபெரானை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜின் நடுத்தட்டு சரியான இடம். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும், ஃப்ரீசரில் உறைந்தால் மருந்து வீண். பஸ்ஸில் கொண்டுபோகும்போது ஐஸ்கட்டி நேராகப் பாட்டிலில் படாமல் துணி சுற்றி வையுங்கள்.

7. வீட்டில் சொட்டு விடும் வரிசை

5-ஃப்ளூரோயூராசிலும் மைட்டோமைசினும் செல்களைக் கொல்லும் மருந்துகள். சாதாரணக் கண் சொட்டு போலக் கையாளக்கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்தப் பாட்டிலைத் தொடவே வேண்டாம். நோயாளியே கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

முதலில் கை கழுவுங்கள். சொட்டு விடுபவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். கீழ் இமைத் தோலிலும் கன்னத்தின் மேல்பகுதியிலும் வாஸ்லின் மெல்லிசாகத் தடவுங்கள், கண்ணுக்குள் போகாமல். வழியும் மருந்து தோலில் படிந்து சிவந்து உரிவதை இது தடுக்கும். பலர் மருந்து விட்ட பிறகு தடவுகிறார்கள். அப்படிச் செய்தால் தோலில் வழிந்த மருந்து வாஸ்லினுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும்.

நோயாளி மல்லாந்து படுக்கட்டும். கீழ் இமையை இழுத்து, பாட்டில் நுனி எதிலும் படாமல், ஒரே ஒரு சொட்டு. கண்ணுக்குள் தங்குவது ஒரு சொட்டைவிடக் குறைவுதான், இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். கண்ணை மெல்ல மூடி, மூக்கோரக் கண்மூலையை விரலால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து கண்ணீர்த் துளை வழியே மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்காமல் இருக்க இதுதான் வழி. தொண்டையில் கசந்தால் அழுத்தியது சரியில்லை என்று அர்த்தம்.

வழிந்ததை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். கைக்குட்டை, முந்தானை, துண்டு வேண்டாம். டிஷ்யூவையும் கையுறையையும் ஒரு ஜிப் கவரில் சேர்த்து, காலிப் பாட்டிலோடு மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். மறுபடி கை கழுவுங்கள். வேறு சொட்டு இருந்தால் பத்து நிமிடம் கழித்து விடுங்கள். காண்டாக்ட் லென்ஸ் கூடாது.

ஒரு சுற்றுக்கு 28 சொட்டுதான். சொட்டுக்கு 0.05 மி.லி. என்று வைத்தால் ஒன்றரை மி.லி.கூட ஆகாது. 5 மி.லி. பாட்டிலில் மிச்சம் இருக்கும். அதை அடுத்த சுற்றுக்கு எடுத்துவைக்கலாமா என்பது லேபிளில் உள்ள தயாரித்த தேதியையும் காலாவதியையும் பொறுத்தது. தேதி இல்லாத பாட்டிலை வாங்கவே வேண்டாம்.

காலண்டரில் மருந்து வாரத்தைச் சிவப்பிலும் ஓய்வு வாரத்தைப் பச்சையிலும் குறித்துவிடுங்கள். “இது எத்தனையாவது சுற்று” என்று டாக்டர் கேட்கும்போது மூன்றா நான்கா என்று குடும்பமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது வாடிக்கை.

8. எது தாங்கக்கூடியது, எது கூடாது

மருந்து வாரத்தின் கடைசியில் கண் சிவப்பதும் உறுத்துவதும் நீர் வடிவதும் இமை லேசாக வீங்குவதும் எதிர்பார்த்ததே. ஓய்வு வாரத்தில் அடங்கும். பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் உதவும்.

கண்ணைத் திறக்கவே முடியாத வலி, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, சீழ் இவற்றில் எது வந்தாலும் சொட்டை நிறுத்திவிட்டு அன்றே கண் டாக்டரைப் பாருங்கள். “சுற்றை முடித்துவிட்டுப் போகலாம்” என்று காத்திருக்கக்கூடாது.

நிறுத்தும் முடிவைக் கண்ணாடி பார்த்து எடுக்காதீர்கள். மேலே மறைந்தாலும் மேல்தோலுக்குள் தடிப்பு மிச்சம் இருக்கலாம், அதை ஸ்கேன்தான் காட்டும். மறுபக்கம், இரண்டு மூன்று சுற்று 5-ஃப்ளூரோயூராசில் போட்டும் கட்டி அசையவில்லையென்றால் அதே மருந்தைப் பழக்கத்துக்காகத் தொடர்வதில் பொருளில்லை. மருந்து உண்மையில் கண்ணுக்குள் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழுகிறது என்றால் திசு எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம்.

9. மறு அறுவையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்த அறுவையின் உயிர்நாடி கட்டியைத் தொடாமல் எடுப்பது. கட்டியின் செல்கள் உதிர்ந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே முளைக்கும். அதனால் கட்டியை இடுக்கியால் பிடிக்காமல் சுற்றியுள்ள நல்ல திசுவைப் பிடிப்பார்கள். கட்டிக்கு அடியில் ஊசி போட்டு மரக்கச் செய்வதைத் தவிர்ப்பார்கள். கட்டி வெளியே வரும்வரை கண்ணைத் தண்ணீர் விட்டு அலசமாட்டார்கள்.

கருவிழி மேல் ஏறிய பகுதிக்குத் தூய ஆல்கஹாலை ஒற்றி, மேல்தோலைத் தளர்த்திச் சுருட்டி எடுப்பார்கள். அதன் கீழே உள்ள போமன் படலத்தைக் கீறக்கூடாது, கட்டி உள்ளே இறங்காமல் தடுக்கும் சுவர் அது. வெள்ளைவிழிப் பக்கம் தெரியும் எல்லைக்கு வெளியே சுமார் 4 மி.மீ. நல்ல திசு சேர்த்து வெட்டுவார்கள். அடியில் ஒட்டியிருந்தால் வெள்ளைவிழியின் மெல்லிய ஏடு ஒன்றும் சேர்ந்து வரும்.

பிறகு மிச்ச ஓரங்களை உறையவைக்கும் கிரையோ. ஓரத்தைத் தூக்கிப் பிடித்து அடியிலிருந்து உறையவைத்து, தானாக உருகவிட்டு, மறுபடி உறையவைக்க வேண்டும். இரண்டாவது முறை இல்லாவிட்டால் பாதி வேலை. அதன்பின் கருவிகளையும் கையுறையையும் மாற்றிக்கொண்டுதான் மூடும் வேலை. கட்டி பட்ட இடுக்கியால் ஒட்டுத் திசுவைத் தொடுவது விதையைத் தானே தூவுவது போல.

வெட்டிய துண்டை, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் நேராகப் போட்டால் சுருண்டுவிடும், பிறகு எந்த ஓரம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. காகிதத்தில் விரித்து, திசை குறித்து, சில நிமிடம் ஒட்டவிட்டு அனுப்ப வேண்டும். “ஓரங்களைத் தனித்தனியாகக் குறித்து அனுப்புவீர்களா?” என்று அறுவைக்கு முன் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. அடுத்த முடிவு முழுவதும் அந்தக் குறிப்பில்தான் நிற்கும்.

பெரிய காயத்தை மூட, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடப் படலத்தை ஃபைப்ரின் பசையால் ஒட்டுவார்கள். விளிம்பு அதிகம் போயிருந்தால், நல்ல விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்துத் துணுக்குகளாக்கி அந்தப் படலத்தின் மேல் பதிக்கும் ஸ்லெட் முறையும் உண்டு. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் உருவான முறை அது.

10. அறுவைக்குப் பின்

ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு சொட்டுகளை டாக்டர் சொன்னபடி சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்த ஸ்டீராய்டு தேவையானது, கடை ஸ்டீராய்டோடு குழப்பிக்கொண்டு பாதியில் நிறுத்த வேண்டாம். படலம் நூல் நூலாகக் கரைந்து வரும்போது பிடித்து இழுக்காதீர்கள். தலைக்கு ஊற்றுவதும் அடுப்புப் புகையும் வயல் தூசியும் ஆறும்வரை கூடாது.

பயாப்ஸி ரிப்போர்ட்டை நீங்களே போய் வாங்குங்கள். ஓரம் பாசிட்டிவ் என்றால் சொட்டு வேண்டும், ஆனால் அவசரமாக அல்ல. ஃப்ளூரெசின் சாயம் விட்டு மேல்தோல் முழுதாக மூடிவிட்டது என்று டாக்டர் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். அதற்குச் சில வாரம் ஆகலாம். ஆறாத கண்ணில் மைட்டோமைசின் என்ன செய்யும் என்று மேலேயே சொன்னோம்.

11. ஆழம் போயிருந்தால்

வெள்ளைவிழிக்குள் இறங்கியிருந்தால், கண்ணின் மேல் சிறு கதிர்வீச்சுத் தகட்டைத் தைத்துவைத்துக் கணக்கிட்ட நேரத்துக்குப் பின் எடுப்பார்கள். ருத்தீனியம்-106 தகடு அதில் ஒன்று, இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் தயாரிக்கிறது. எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. கண் புற்றுநோய்ப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

கண்ணுக்குள் நுழைந்துவிட்டால் கண்ணை எடுக்க வேண்டி வரும். கண்குழிக்குள் பரவினால் அதைவிடப் பெரிய அறுவை. இதைக் கேட்டு, “வேண்டாம், நாட்டு வைத்தியம் பார்க்கிறோம்” என்று ஆறு மாதம் காணாமல் போகும் குடும்பங்கள் உண்டு. முடிவில் தயக்கம் இருந்தால் வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேளுங்கள், பிளாக்கைக் கையோடு கொண்டுபோங்கள். அதற்கு இரண்டு வாரம் போதும்.

12. கண்காணிப்பு

திரும்புவதில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்துக்குள். அதனால் அந்த இரண்டு வருடமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் வருடம்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை என்பது பொதுவான அட்டவணை. பல வருடம் கழித்தும் வந்திருக்கிறது, ஆகவே வருடாந்திரப் பரிசோதனைக்கு முடிவுத் தேதி இல்லை. ஒவ்வொரு முறையும் போட்டோவும் ஸ்கேனும் எடுத்து முந்தையதோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

வீட்டில் மாதம் ஒருமுறை, காலையில் ஜன்னலோர வெளிச்சத்தில், போனில் ஐந்து படம்: நேராக, மேலே, கீழே, இடம், வலம். மேலே பார்க்கும்போது கீழ் இமையையும் கீழே பார்க்கும்போது மேல் இமையையும் விலக்கிப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஐந்தையும் தேதி போட்ட ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

வெளியில் வேலை செய்பவர் அகல விளிம்புத் தொப்பியும், பக்கவாட்டிலும் மூடும் யூ.வி.400 கண்ணாடியும் போட வேண்டும். கறுப்பாக இருப்பதாலேயே கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடாது, அந்த முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். புகைப்பதை நிறுத்துங்கள். எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர் ஒரு நாளும் விடக்கூடாது.

புதிய சிவப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நின்றாலோ, ஓரத்தில் ஜெல்லி போல மினுங்கினாலோ, காதுக்கு முன்னால் நெறிகட்டினாலோ அடுத்த மூன்றுமாதத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். போனில் உள்ள படங்களோடு அந்த வாரமே போங்கள்.